ஒட்வார் கொடுத்த சிறுநீரகம்

முதலில் சத்தம்தான் மாறியது.

டயாலிசிஸ் காலத்தில் அந்த வீட்டில் கேட்காமலே போயிருந்த சத்தம் அது. அறுவைக்குப் பிறகு, குளியலறைக் கதவுக்குப் பின்னால் ராக்னா சிறுநீர் கழிப்பது மறுபடி கேட்டபோது, அடுப்படியில் நின்று சந்தோஷத்தில் அழுதவன்தான் அவள் கணவன் தூரே. இன்றோ அது உயரத்திலிருந்து விழுந்தது. தடித்து, நிதானமாய், ஓர் ஆண் நின்றபடி பெய்வதுபோல. வெளியே நண்பகல். நார்வேயின் வடகோடி ட்ரொம்ஸோவில் சூரியன் எழாத மாதம்; ஜன்னலில் பனியின் நீலம் மட்டும்.

தூரேயின் சிறுநீரகம் பொருந்தவில்லை. பொருந்தியது அவளுடைய முன்னாள் கணவன் ஒட்வாருடையது. வெள்ளிக்கிழமைதோறும் ஒட்வார் மீனோடு வருவான், வாசலில் பூட்ஸைக் கழற்றுவான், அவள் வயிற்றைப் பார்த்துக் கேட்பான்.

"என்ன ராக்னா, நம்ம ஆளு ஒழுங்கா வேலை பாக்கறானா?"

"உன்ன மாதிரி சோம்பேறி இல்லப்பா."

இருவரும் சிரிப்பார்கள். தூரே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பான்.

அடுத்த வாரம் மருத்துவர் சொன்னார்: "சிறுநீரகத்தோட வந்த வைரஸ். இவ்வளவு நாள் தூங்கிச்சு, இப்ப முழிச்சிருக்கு. எதிர்ப்புச் சக்தியை அடக்கற மாத்திரையைக் கொஞ்சம் குறைப்போம், உடம்பே சண்டை போடட்டும். ரொம்பக் குறைச்சா உடம்பு சிறுநீரகத்தையே ஏத்துக்காது. ஜாக்கிரதை."

ஞாயிறுதோறும் வாரத்து மாத்திரைப் பெட்டியை நிரப்புவது தூரே. ராக்னா திறந்து விழுங்குவதோடு சரி. கொஞ்சம் என்றார் மருத்துவர். தூரே முழுவதையும் எடுத்துவிட்டு வைட்டமின் போட்டான். போகட்டும் அந்த ஒட்வார். அவள் பழையபடி டயாலிசிஸ் நாற்காலியில் சாயட்டும், பக்கத்தில் தான் மட்டும் இருக்கட்டும்.

காய்ச்சல் வந்தது.

"தூரே, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணேன்."

"பண்ணிட்டேன். படுத்துக்கச் சொன்னாங்க."

பண்ணவில்லை. அறையில் ஈரக் கம்பளி வாடை. வெந்நீர்க் குழாய் முனகியது. அவள் மூச்சு இழுபட்டது. பிறகு கேட்கவில்லை.

"ராக்னா?"

கை குளிர்ந்திருந்தது. கன்னமும். மார்பு அசையவில்லை.

போர்வையை விலக்கினான். அடிவயிற்றின் வலப்பக்கம். தையல் தழும்பு. உள்ளங்கையை வைத்தான்.

சூடு.

அங்கே மட்டும் சூடு. அங்கே மட்டும் துடிப்பு. நிதானமாக.

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. குளிர்ந்த தோலுக்கு அடியில் ஐந்து விரல்கள் மெல்ல விரிந்து, ஒவ்வொன்றாக, அவன் விரல்களோடு கோத்துக்கொண்டன.