கீழே பிடித்த கை

கீழே நட்டைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. கூட்டாளி சார்லஸ் பிடித்தால் வழக்கமாக ஸ்பேனர் இரண்டு தடவையாவது நழுவும்.

முத்துராஜ் மேல்தளத்தில் மண்டியிட்டுத் திருப்புளியைத் திருகினான். ஜெகதாப்பட்டினம் கழிமுகத்தில் பிற்பகல் காற்று செத்துக் கிடந்தது. சேற்று நாற்றமும் கரையில் காயும் கருவாட்டின் வாடையும் தண்ணீருக்கு மேல் அசையாமல் நிற்க, கரை தள்ளி நங்கூரமிட்டிருந்த சென்னை டாக்டரின் பாய்மரப் படகு துளிகூட ஆடாமல் இருந்தது. மறுநாள் புயல் என்றார்கள். கயிறு கட்டும் பழைய கொம்புகளை உப்பு அரித்திருந்தது. அவற்றுக்குப் பதிலாக, இரு பக்கமும் நீண்ட புது எஃகுக் கொம்புகளை அவனே பார்த்து வாங்கியிருந்தான். வெறும் ஸ்க்ரூ போதாது, புயல் பிய்த்துவிடும். போல்ட் தளத்தைத் துளைத்து இறங்க வேண்டும். மேலே ஒருவர் திருக, கீழே ஒருவர் நட்டைப் பிடிக்க வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

பாய்மரத்தடியில் அவன் மகள் வைஷ்ணவி சோழி உருட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. "புள்ள மேல கண்ணு இருக்கட்டுங்க" என்று சொல்லித்தான் மனைவி ரம்யா அனுப்பினாள்.

சற்று முன் படகின் பக்கவாட்டில் ஏதோ இடித்திருந்தது. பிறகு உள்ளே காலடி. சார்லஸ் சிறு வல்லத்தில் வந்து பின்வாசல் வழியாக இறங்கிவிட்டான் என்றுதான் முத்துராஜ் நினைத்தான்.

"என்னடா, வாயில கொழுக்கட்டையா?"

போல்ட் இறுகியது.

நான்காவதைத் திருகி முடித்தபோது போன் அடித்தது. சார்லஸ்.

"மாப்ள, கோவிச்சுக்காத. வல்லத்துக்காரரு இப்பத்தான் சாப்புட்டு வந்தாரு. இந்தா, கரையிலதான் நிக்கிறேன்."

தூரத்தில் மஞ்சள் சட்டை கையாட்டியது.

முத்துராஜ் தளத்தைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். கீழே இருப்பது எதுவானாலும் அவளிடம் ஏறி வரக் கூடாது.

"பாப்பா, இங்கிட்டே இரு. அசையாத."

திருப்புளியைக் கத்திபோலப் பிடித்துக்கொண்டு இறங்கினான். டீசல் வாடை. பூஞ்சை. ஈரம். போன் வெளிச்சத்தில் மூலை மூலையாகத் தேடினான். யாரும் இல்லை.

கூரையில் நான்கு போல்ட் முனைகள். ஒன்றிலும் நட்டு இல்லை. நட்டுகள் பலகைமேல், பிரிக்காத பாக்கெட்டில்.

ஒரு முனையைத் தொட்டான். சில்லென்றிருந்தது.

மேலே காலடி. குழந்தையின் காலடி அல்ல.

"வைஷ்ணவி!"

"அப்பா, கீழ நீங்க புடிக்கணுமாம். மேல நாங்க திருப்புறோம்."

"நாங்கன்னா? யாரு பாப்பா?"

படிக்கு ஓடினான். பின்வாசல் மூடியிருந்தது. தோளால் இடித்தான். அசையவில்லை.

திருப்புளி அவன் கையில்தான் இருந்தது.

தலைக்கு மேல் முதல் போல்ட் திரும்பியது. மெதுவாக. அடுத்தது. அதற்கடுத்தது.

பிறகு நான்கும். ஒரே நேரத்தில்.