இடதுபக்கப் பின்சீட்

பழைய காரை வெயில் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். பெயின்ட் அடித்து மறைத்த நசுங்கல் வெளிச்சத்தில்தான் தெரியுமாம். ஆனால் அந்தத் தெருக்கோடி வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. என் மாலை வகுப்பு முடியட்டும் என்று காத்திருந்ததில் வந்த தாமதம். அப்படிப் பார்த்தால், எல்லாம் என்னால்தான் என்றும் சொல்லலாம்.

கார் ஷெட்டின் இருட்டுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. வெள்ளை நிறம், நான்கு கதவு, பெரிய டிக்கி. அக்காவின் கணவர் பார்த்தவுடனேயே மயங்கிவிட்டார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில்தான் தங்கிப் படிக்கிறேன்.

"குடும்ப வண்டின்னா இதுதான்," என்றார்.

எங்களுக்குக் கார் ஆடம்பரமில்லை. அக்கா மகளுக்கு நான்கு வயது. வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஸ்கூட்டரில் மழையில் நனைந்து நனைந்து அவளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. இன்னொரு முறை நனைந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கடுமையாகச் சொல்லியிருந்தார்.

நான் முறைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டயர் சீராகத் தேய்ந்திருந்தது. ஆயிலில் கசடு இல்லை. பின்சீட்டுக்குக் கீழே கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தபோது மட்டும் உள்ளங்கை ஈரமானது. புளித்த பால் வாடை அடித்தது. மழைத்தண்ணீர் கசிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது.

என் கைச்சூடாக இருக்கலாம்.

கார்க்காரர் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. சாவியை அங்கிருந்தே நீட்டினார்.

"ஏதாவது குறை இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"சின்னச் சின்னது. பின்னாடி இடதுபக்கக் கதவு உள்ளேருந்து திறக்காது. அந்தக் கண்ணாடி சில நேரம் தானா இறங்கும். அந்த சீட்டுல ஆளே இல்லாட்டியும் பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்கும்."

"எல்லாக் குறையும் ஒரே மூலையில போய்க் குடியிருக்கு," என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. "மணி அடிச்சா அடிக்கட்டும். சத்தத்தை நிறுத்தணும்னு அந்த பெல்ட்டை மட்டும் மாட்டிடாதீங்க."

"மாட்டினா என்ன ஆகும்?"

அவர் வாண்டுவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"மாட்டாதீங்கம்மா."

காரை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் மாமாவுக்கு ஒரே குஷி. "குறையைத் தானே எடுத்துச் சொல்ற ஆளை எங்கயாவது பார்த்திருக்கியா? தங்கமான மனுஷன்!"

டிங். டிங். டிங்.

அந்த மணி முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு காதுக்குள் புகுந்துகொண்டது. வண்டி நகர்ந்ததும் ஆரம்பிக்கும், நின்றால்தான் ஓயும். நடுநடுவே இடதுபக்கக் கண்ணாடி மெல்ல, ஒரு கை நுழையும் அளவுக்கு இறங்கும். மாமா பொத்தானை அழுத்தி ஏற்றுவார். அது மறுபடி இறங்கும். மழை வந்தால் சாரல் நேராக வாண்டுவின் முகத்தில் அடிக்கும். எதற்காகக் கார் வாங்கினோமோ அதுவே வீணாகிக்கொண்டிருந்தது.

எங்கள் பேட்டை மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார்.

"சீட்டுக்கு அடியில சென்சார் இருக்கு. வெயிட் பட்டா ஆள் உட்கார்ந்திருக்குன்னு நினைச்சுக்கும். சென்சாருக்குப் புத்தி பிசகிடுச்சு, அவ்வளவுதான்."

"வெயிட்டே இல்லையேண்ணே?" என்றேன்.

"அதான் புத்தி பிசகிடுச்சுங்கறேன். அதைக் கழட்டினா பாதி வண்டியைக் கழட்டணும். பெல்ட்டை மாட்டி விட்டுடுங்க. ஊர்ல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க."

"அவர் மாட்ட வேண்டாம்னு..."

"ஆரம்பிச்சுட்டா," என்றார் மாமா. "பரீட்சைத் தாள்லயும் இப்படித்தான் எழுதி எழுதி அடிப்பியா?"

எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் நான் அப்படித்தான் எழுதுவேன். கண்ணாடிக்குப் புது மோட்டார் போட்டார்கள். கதவை மட்டும் அப்படியே விடச் சொன்னாள் அக்கா. குழந்தை இருக்கிற வண்டி, உள்ளேயிருந்து திறக்காமல் இருப்பதே நல்லது என்றாள்.

கடைசியில் ஸ்பானர் காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்தார்.

க்ளிக்.

மணி நின்றது. கண்ணாடி ஏறியே இருந்தது. வண்டிக்குள் இப்படி ஓர் அமைதியா என்று எல்லோரும் சிரித்தோம்.

வாண்டு சிரிக்கவில்லை.

அன்று முதல் வண்டிக்குள் புழுக்கம். ஏசியை எவ்வளவு கூட்டினாலும் பின்சீட்டில் மட்டும் குளிர் தங்கவில்லை. பால் வாடை தடித்துக்கொண்டே போனது. ஒரு மாலை வகுப்பு விட்டதும் அக்கா என்னை ஏற்றிக்கொள்ள வந்தாள். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வாண்டு தன் குழந்தை நாற்காலியில் பெல்ட்டோடு இருந்தாள்.

"சித்தி, அவனுக்கு வேர்க்குதாம்."

"யாருக்குடி?"

அவள் தலையைத் திருப்பினாள். பக்கத்து சீட்டைப் பார்த்தாள்.

இடதுபக்கக் கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. அந்த ஆவியில் சின்னச் சின்ன உள்ளங்கைத் தடங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, கீழிருந்து மேலே. இறங்கிப் போய் வெளிப்பக்கம் விரலால் துடைத்தேன். அழியவில்லை.

தடங்கள் உள்ளே இருந்தன. வாண்டுவின் கை அங்கே எட்டாது.

"அக்கா, அந்த பெல்ட்டைக் கழட்டிடலாமா?"

"மறுபடி அந்த மணியையா? எனக்குத் தலையே வெடிச்சிடும். சும்மா வா."

இரவு நான் டயரியில் எழுதினேன்: தடம் குழந்தையுடையது. பிறகு 'போல் இருந்தது' என்று சேர்த்தேன். பிறகு இரண்டையும் அடித்துவிட்டேன்.

அடுத்த விடுமுறை நாள், நல்ல வெயில். வாண்டுவுக்கு மருந்து தீர்ந்திருந்தது. அக்கா மருந்துக்கடை எதிரே வண்டியை நிறுத்தி, சாவியோடு இறங்கினாள். நான் வாண்டுவுக்குத் துணையாக முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன், இருபக்கமும் முன் கதவுகள் திறந்தே இருந்தன. அவளுடைய தண்ணீர் பாட்டில் கைதவறி என் பக்கம் உருண்டு தெருவில் விழுந்தது. எடுக்க இறங்கினேன். குனிந்தேன்.

எனக்குப் பின்னால் கதவுகள் மூடிக்கொண்டன. இரண்டும், ஒன்றாக.

பூட்டு விழும் சத்தம்.

கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை. கண்ணாடிகள் நான்கும் ஒரே மூச்சில் வெளுத்தன. அந்த ஆவிக்குள் வாண்டுவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. தோள்கள் ஏறி இறங்கின.

மூச்சிரைப்பு.

"அக்கா!"

அக்கா வாங்கிய மருந்தோடு ஓடி வந்தாள். சாவியை அழுத்தினாள். பூட்டு மேலே எழும்பி உடனே கீழே இறங்கியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி இறங்கியது. "கண்ணாடியை இறக்குடி செல்லம், அந்தப் பொத்தானை அழுத்து," என்று கெஞ்சினாள். வாண்டுவால் நகரவே முடியவில்லை. நாங்கள் மாட்டிய பெல்ட் அவளை இறுக்கிப் பிடித்திருந்தது.

தானாக இறங்கும் கண்ணாடியைச் சரி செய்தவர்களும் நாங்கள்தான்.

ஓரத்தில் கிடந்த கருங்கல்லைத் தூக்கி முன் கதவுக் கண்ணாடியில் அடித்தேன். இரண்டாவது அடிக்கு நொறுங்கியது. உள்ளேயிருந்து அடித்த சூடு என் புருவத்தைப் பொசுக்கியது. சற்று முன்புவரை நான் உட்கார்ந்திருந்த வண்டி அது. பகலெல்லாம் வெயிலில் பூட்டிக் கிடந்ததைப்போல் கொதித்தது.

சில்லுகளின்மேல் தவழ்ந்து பின்சீட்டுக்குப் போனேன். வாண்டுவின் பெல்ட் பொத்தானை அழுத்தினேன். இறங்கவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். நகம் மடங்கியது.

"சித்தி... அவனை முதல்ல."

திரும்பினேன்.

காலி சீட்டின் பெல்ட் தளர்ந்து கிடக்கவில்லை. ஒரு சின்ன நெஞ்சின் உயரத்துக்கு வளைந்து நின்றது. மேலே வந்தது, கீழே போனது, வேகமாக, மிக வேகமாக.

வாண்டுவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. இல்லாத ஒருவனுக்காக ஒரு நொடி செலவழிப்பதா? வெளியே அக்கா கதவை உதைத்துக்கொண்டு அலறினாள், "அவளைத் தூக்குடி! என்னத்தைப் பார்த்துட்டு நிக்கறே!"

என் வாழ்க்கையில் அடித்தல் திருத்தல் இல்லாமல் நான் செய்தது அந்த ஒன்றைத்தான். கையை நீட்டிக் காலி சீட்டின் பொத்தானை அழுத்தினேன்.

வெண்ணெய்போல் இறங்கியது.

பெல்ட் விருட்டென்று சுருளவில்லை. மெதுவாக விலகியது, அடியிலிருந்து ஒரு கை அதை ஒதுக்குவதைப்போல.

நான்கு கதவுகளும் திறந்துகொண்டன. ஈரமான ஏதோ ஒன்று என் கன்னத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. வாண்டுவின் பெல்ட் தானாகக் கழன்றது. அக்கா அவளை வாரி எடுத்து இன்ஹேலர் மருந்தை வாயில் வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் வாண்டு அழ ஆரம்பித்தாள். அதைப்போல் இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

விஷயம் தெரிந்து வந்த மாமா, "வயரிங் கோளாறு," என்றார். ஆனால் அந்த வண்டியில் அவரும் ஏறவில்லை. ஸ்பானரை வரவழைத்து அதை இழுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு வாடகைக் காருக்கு ஆள் அனுப்பினார்.

காத்திருக்கும்போது பழைய கார்க்காரருக்கு ஃபோன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"நாங்க வாங்கும்போதே உள்ளே இருந்தான்," என்றார். "கழட்டி விட்டுட்டியாம்மா?"

"ஆமா சார்."

"எந்தப் பக்கம் போனான்?"

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

வாடகைக் கார் வந்தது. புத்தம் புதுசு, சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மாமா முன்னால் உட்கார்ந்தார். பின்னால் ஒரு ஜன்னலோரம் அக்கா, நடுவில் வாண்டு. இன்னும் தள்ளிக்கோ என்று வாண்டு என்னை மறு ஜன்னலை ஒட்டி உட்கார வைத்தாள். எல்லோருடைய பெல்ட்டையும் நானே இழுத்துச் சரிபார்த்தேன். வண்டி கிளம்பியது.

டிங். டிங். டிங்.

டிரைவர் டேஷ்போர்டைத் தட்டினார். "பின்னாடி ஒருத்தர் பெல்ட் போடலையே?"

"எல்லாரும் போட்டிருக்கோம்ணே," என்றாள் அக்கா.

வாண்டு தனக்கும் எனக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு டிரைவரிடம் சொன்னாள்.

"அவன் இனிமே போடவே மாட்டானாம்."

என் பக்கத்துக் கண்ணாடி மெல்ல, ஒரு கை நுழையும் அளவுக்கு, இறங்கியது.