ஆறாம் குமிழில் உறுமல் பூஜ்யம்

காலையில் எழுந்ததும் செண்பகம் கதவோரச் சுவரில் இருக்கும் மூன்று திருகுகளைப் பார்ப்பாள். காற்று, முழு அளவு. தண்ணீர், பாதி. நாய், பூஜ்யம். மூன்றும் சரியாக இருந்தால்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

செவ்வாயின் ஆறாம் குமிழில் எண்ணூறு வீடுகள் ஒரே கண்ணாடிக் கூரையின் கீழ் இருந்தன. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். அதனால் குடியிருப்போர் சங்கம் பதினொரு வருடங்களுக்கு முன்பே எல்லா நாய்களின் தொண்டையிலும் அரிசியளவில் ஒரு குரலடக்கியைப் பொருத்திவிட்டது. நாய் குரைக்கும், உறுமும். சத்தம் மட்டும் வராது. சுவரில் இருக்கும் நாய்த் திருகைப் பூஜ்யத்தில் பூட்டிவைத்ததும் சங்கம்தான்.

செண்பகத்தின் தங்கை இளவஞ்சி, கால்நடை மருத்துவம் முடித்து, முதல் வேலைக்காக அன்றுதான் இந்தக் குமிழுக்கு வந்தாள். சுரங்கத்தில் மண் அள்ளிய குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அக்காவின் நான்கு வயது மகள் ஆதவி, வீட்டு நாய் சுக்குவின் முதுகில் ஏறி உட்கார்ந்து இரண்டு காதுகளையும் இழுத்துக்கொண்டிருந்தாள். சுக்கு முகத்தைத் திருப்பியது. உதட்டை நக்கிக்கொண்டது. உடம்பு கட்டைபோல் விறைத்திருந்தது. மேலுதடு தூக்கிப் பல் தெரிந்தது.

“எவ்ளோ பொறுமை பாரு,” என்றாள் செண்பகம். “சிரிக்குதுடி!”

இளவஞ்சி பெட்டியைப் போட்டுவிட்டுக் குழந்தையை அப்படியே தூக்கினாள். “அது சிரிக்கலக்கா. உறுமுது.”

“சத்தமே வரலையே?”

“வராம நீங்கதான அடைச்சு வச்சிருக்கீங்க! கைய எடு, கைய எடுன்னு எத்தன நாளாக் கத்துதோ பாவம். யாரும் கேக்கலன்னா அதுக்கு மிச்சம் இருக்கறது பல்லுதான்.”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? நாலெழுத்து படிச்சிட்டா மத்தவங்க எல்லாம் முட்டாளா?”

“நாலெழுத்து இல்ல, அஞ்சு வருஷம். எதிர்வீட்டுக் குழந்தை கன்னத்துல ஏன் தையல் போட்டிருக்கு?”

“அவங்க நாய் திடீர்னு கடிச்சிருச்சு. ஒரு எச்சரிக்கையும் இல்லாம…”

சொல்லும்போதே செண்பகத்தின் கண் சுக்குவின் பல்லுக்குப் போனது.

மறுநாளே இளவஞ்சி தன் மருத்துவமனையில் வைத்து சுக்குவின் குரலடக்கியை எடுத்தாள். கூடத்து மூலையைத் தடுத்து ஒரு சிறு கதவு போட்டாள். அது சுக்குவின் இடம், அங்கே யாரும் கை நீட்டக் கூடாது. அடுப்பை அணைக்கப் போனாலும் முதலில் அந்தக் கதவைச் சாத்த வேண்டும். திறந்திருந்தால் கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அக்காவிடம் இதைக் கெஞ்சிச் சொல்லவில்லை. உத்தரவாகவே சொன்னாள்.

அதற்கு இரண்டாம் நாள் சுக்கு சாப்பிடும்போது ஆதவி தடுப்புக்கு மேலே கையை நீட்டினாள். பக்கத்தில் இருந்த இளவஞ்சி பிடிப்பதற்குள் அந்தச் சத்தம் வந்தது. ஆட்டுக்கல் சுற்றுவதுபோல் அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல். குழந்தையின் கை தானாகப் பின்னால் வந்தது.

“சித்தி, சுக்கு பேசுது!”

“என்ன சொல்லுது?”

“கைய எடுன்னு சொல்லுது.”

“அப்ப நாம என்ன செய்யணும்?”

“கைய எடுக்கணும். பின்னால போகணும். பெரியவங்களக் கூப்பிடணும்.”

ஒரு வாரம் இதே பாடம். சுக்கு தானாக வந்தால் விலாவில் மூன்று எண்ணும்வரை தடவலாம். பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மறுபடி வந்தால் மறுபடி தடவலாம். போய்விட்டால் போகட்டும்.

ஒன்பதாம் நாள் சங்கம் இளவஞ்சியைக் கூப்பிட்டது.

அரங்கின் சுவர்கள் சத்தத்தை விழுங்கிவிடும். ஒலிவாங்கியில் பேசுவதுதான் இருக்கைகளில் கேட்கும். அதன் திருகு செயலாளர் கோதண்டத்தின் மேசையில் இருந்தது. அவருக்குப் பின்னால் பலகை ஒளிர்ந்தது: ‘நாய்ச் சத்தப் புகார்: 1’. பதினொரு வருடப் பூஜ்யம் போன துக்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

“இந்தப் பதினோரு வருஷத்துல பதினாலு குழந்தைங்க கடிபட்டிருக்கு,” என்றாள் இளவஞ்சி. “அதுக்கு முந்தின பதினோரு வருஷத்துல ரெண்டே ரெண்டு. அப்ப உறுமுற சத்தம் கேட்டுச்சு, கைய எடுத்தோம். இந்தப் பதினால எழுத உங்ககிட்ட பலகை இல்லையா? எல்லா நாய்க்கும் குரலடக்கியக் கழட்டுங்க!”

“ஏம்மா, நீ சொல்றது நியாயந்தான். அத இவ்ளோ சத்தமாச் சொல்லணுமா?” கோதண்டம் கனிவோடு திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார்.

இளவஞ்சி நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு விலகிப் பல் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அரங்கம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

“எவ்ளோ பொறுமையாப் பேசுது பாருங்க,” என்றார் கோதண்டம் தன் ஒலிவாங்கியில். “சிரிச்ச முகம்.”

முன்வரிசையில் அம்மாவின் மடியில் இருந்த ஆதவி சறுக்கி இறங்கினாள். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“தாத்தா, கைய எடுங்க. சித்தி உறுமுறாங்க.”

கோதண்டம் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். கை திருகிலேயே இருந்தது.

இளவஞ்சி ஒலிவாங்கியை விட்டுவிட்டு மேசையை நோக்கி நடந்தாள்.