சாயப்பட்டறையில் ஒரு பேரம்

ஜெகநாதன் முதலாளியின் சாயப்பட்டறைக்கு நான் போனது நல்ல மத்தியானத்தில். உள்ளேதான் மத்தியானம் இல்லை. அடுப்புப் புகை, அண்டாக்களின் ஆவி, நனைந்த பட்டின் புழுங்கல் நாற்றம்.

"ஒரு பேரம் இருக்குது, தரகரே. துண்டு கொண்டாந்தீங்களா?"

வாங்குபவரும் விற்பவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். மேலே துண்டைப் போடுவது என் தொழில்.

"யார் கூடங்க?"

"சந்திரமோகன் கூட."

சிரித்துவிட்டேன். சாய மேஸ்திரி சந்திரமோகனுக்குக் கருமாதியே முடிந்துவிட்டது. அவருடைய அரக்குச் சிவப்புக்காகத்தான் ஆரணியில் இந்தக் கடைக்கு அத்தனை கூட்டம். ஆள் மகா கர்வி. சேர்மானத்தைச் சொல்லித்தரக் கடையில் பங்கு கேட்டார். முதலாளி தலையாட்டிக்கொண்டே அண்டாவுக்கு மேல் கேமராவை மாட்டினார். எல்லாம் படமானதும் மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பினார். அந்தக் கொதிப்பிலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

படத்தைப் பார்த்துப் போட்ட சாயம் துருப்பிடித்த தகரம் போல வந்தது. கேமரா முன்னால் மேஸ்திரி எதையோ விட்டிருக்கிறார். ஏமாற்றுவதில் இருவரும் ஒரே எடை. கல்யாணச் சேலைகள் திரும்பி வந்தன. சிவப்பு வராவிட்டால் கடைக்குப் பூட்டுதான்.

"பேஜாரு பண்ணாம போடுங்க." முதலாளி வெறும் காற்றில் கையை நீட்டினார்.

போட்டேன்.

துண்டு தொங்கவில்லை.

எதிர்ப்பக்கம், இன்னொரு கையின் அளவுக்கு, மேடாக நின்றது.

உள்ளே விரல்கள் நகர்ந்தன. முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது.

"பாதி எட்த்துக்க மேஸ்திரி," என்று கிசுகிசுத்தார்.

துண்டு இறுகியது.

"முழுசாவா?"

பட்டறையில் கொதிக்கிற சத்தம்கூட இல்லை.

"செரி."

கடையைத்தான் கேட்கிறது என்று நினைத்தோம், இருவருமே.

மறுநாள் போனேன். கொடியெங்கும் பழைய சிவப்பு, சொட்டச் சொட்ட. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெகநாதனே பட்டு நூலை முக்கிக்கொண்டிருந்தார். அண்டாத் தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். முதலாளி வாழ்நாளில் அண்டாவில் கை வைத்ததில்லை.

"இன்னா தரகரே, பாத்தியா கலர? வேற எவன் போடுவான் இத?"



வாசலில் அவர் மனைவி ஹேமலதா வந்து நின்றார். "ஏங்க, சாப்பாடு ஆறிகினு கீது. வாங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை மரியாதையாகக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மொதலாளி இல்லீங்களேம்மா," என்றார். "வெளிய போனாரு. வர மாட்டாரு."