இரண்டாவது சம்மதம்

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் திரையின் மூலையில், அவள் கணவரின் பெயருக்கு அருகே பச்சை விளக்கு எரிந்தது.

அவர் கணக்கிலிருந்து வெளியேற நாம்தான் மறந்திருப்போம் என்று நினைத்து அவள் அதை அணைத்தாள். ஊருக்கே குடிநீர் அனுப்பும் அந்தக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவரால் மட்டும் எதையும் மாற்றிவிட முடியாது. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சம்மதிக்க வேண்டும். போன் போட்டுக் குரலையும் சரிபார்க்க வேண்டும். இணையத் திருடர்களுக்குப் பயந்து அரசாங்கம் போட்ட விதி. கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டே அவள் கணவர் போனை எடுப்பார், தொண்டையைச் செருமுவார், "ம், போடு" என்பார். இருவருக்கும் சிரிப்பு வரும்.

மாரடைப்பில் அவர் போன பிறகு மேலிடம் புது ஆளை அனுப்பவில்லை. அவருடைய கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். கணக்கை மூடிவிட்டதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பேருடைய சம்மதத்தையும் அவளே கொடுத்துவந்தாள். அதை மூட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. அழுகையும் வரவில்லை. வாயில் வைத்தால் உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டிருந்தது.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்திருக்கும். ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு அது தெரியாது. குளிர்சாதனத்தின் ஒரே சீரான இரைச்சலுக்கு அடியில் தரைக்குக் கீழே மோட்டார்கள் முனகின, சூடான தூசியின் வாசனையோடு குளோரின் நெடியும் லேசாக மூக்கில் ஏறியது, திரைகளின் வெளிச்சத்தில் காலி நாற்காலியின் நிழல் சுவரில் சாய்ந்து கிடந்தது.

திரையில் ஒரு கேள்வி வந்தது. சம்மதமா? பழக்கதோஷம். படிக்காமலே விரல் அழுத்திவிட்டது.

பிறகுதான் படித்தாள். குளோரின் அளவை உச்சத்துக்கு ஏற்றச் சொல்லிக் கேட்டிருந்தது அவருடைய பெயர். பச்சை விளக்கு மறுபடி எரிந்தது.

ரத்து என்று அழுத்தினாள். இரண்டாவது சம்மதத்துக்குக் காத்திருக்கிறது என்றது திரை. அவருடைய கடவுச்சொல்லைப் போட்டாள். தவறு என்றது.

பாதுகாப்புப் பிரிவுக்காரரைப் போனில் பிடித்தாள். "சார், அவரோட கணக்குல யாரோ புகுந்துட்டாங்க."

"அதைத்தான் மூடியாச்சுன்னு சொன்னீங்களே மேடம்?"

"மூடலை சார்." தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலிருந்தது.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க! முதல்ல நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்க. வால்வைக் கையால மூடச் சொல்லுங்க."

வால்வைக் கையால் திருகும் சக்கரத்தைப் போன வருடம்தான், எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று கழற்றி எறிந்திருந்தார்கள். எந்தத் திருடனாலும் தூரத்திலிருந்து திருக முடியாத பொருள் அது ஒன்றுதான்.

மேஜைக்கு அடியில் குனிந்து கேபிளைப் பிடுங்கினாள். நிமிர்ந்தாள்.

பச்சை.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, ரத்துக்குச் சம்மதம் கேட்பவள்போல, பக்கத்து மேஜையின் எண்ணை அழுத்தினாள். அங்கே மணி அடித்தது. நின்றது. ரிசீவர் வைத்த இடத்திலேயே கிடந்தது. அவள் காதில் மட்டும், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ம், வேணாம்."

திரையில் குளோரின் அளவு ஏறியது. ஊழியர் குடியிருப்பு அடுத்த தெருவில்தான். இந்தக் குழாயில் முதல் வீடு அவளுடையது. வீட்டில் மகள் தனியாக இருந்தாள்.

செல்போனை எடுத்தாள். உடனே எடுத்தாள் மகள்.

"குட்டி, குழாய்த் தண்ணியைத் தொடாதே. ஒரு சொட்டுகூட வாயில வைக்காதே."

"டம்ளர்ல பிடிச்சுட்டேனேம்மா. ஒரு மாதிரி நாறுது."

"கீழே ஊத்திடும்மா! இப்பவே ஊத்து!"

குழாய் கொட்டும் சத்தம். மகள் எதற்கோ காத்திருப்பதுபோல் இருந்தது. அந்த வீட்டில் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அம்மா ஒன்று சொன்னால் போதாது. அப்பாவும் சொல்ல வேண்டும்.

"அப்பா," என்றாள் மகள், போனிலிருந்து முகத்தைத் திருப்பி, "அம்மா வேணாங்கறாங்க. குடிக்கட்டுமா?"

அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ம், குடி."

பிறகு மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.