கிழிக்காத ஸ்வெட்டர்

அந்த ஸ்வெட்டரின் அக்குளில் சூடு இருந்தது.

பொன்னழகு கையை இழுத்துக்கொண்டாள். எங்கோ வெளிநாட்டில் கழித்துப்போட்ட துணிகள், மாதக்கணக்காய்க் கப்பலில் கிடந்து, தூத்துக்குடியில் இறங்கி, லாரியேறி இந்தக் கொடைரோடு கிடங்குக்கு வந்திருந்தன. பொதியின் இரும்புப் பட்டையை வெட்டியபோது, அந்துருண்டையும் அடுத்தவர் வியர்வையும் கலந்த பழைய குளிர்தான் முகத்தில் அடித்தது. இது மட்டும் இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்ததுபோல் இருந்தது.

"என்னடி தடவிக்கிட்டு இருக்க? பொண்ணு பாக்கவா வந்திருக்க? கிழிச்சுப் போடு" என்றாள் எதிரே இருந்த ஜெஸ்ஸி.

யாரும் எடுத்துப்போய் உடுத்தாதபடி, பலகையில் நட்டிருந்த கத்தியில் ஒவ்வொன்றின் நெஞ்சையும் கிழித்த பிறகே தரம் பிரிக்க வேண்டும். அப்புறம் அவை மில்லுக்கு எண்ணெய் துடைக்கப் போகும். பொன்னழகு கிழிக்கவில்லை. ஆறு வயது மகள் மணிமேகலைக்கு இளைப்பு. மார்கழி ராத்திரிகளில் அந்தச் சின்ன நெஞ்சு விசிலடிப்பதை விடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பவள் அவள். இன்னொரு தடவை குளிர் ஏறினால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் பொதிகளுக்குப் பின்னால் ஒதுங்கி, தூசிக்காகச் சேலைமேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டைக்குள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். வாசலில் சூப்பர்வைசர் ராயப்பராஜ் பைகளைத்தான் சோதிப்பார்.

மூன்று மணிக்கு மூச்சு விட்டபோது கம்பளி சுருங்கியது. மூச்சை இழுத்தபோது விரியவில்லை. அடுத்த மூச்சுக்கு இன்னும் கொஞ்சம். எல்லாரும் இருக்கையில் கழற்ற இடமில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

"ஏண்டி இம்புட்டு வேர்க்குது ஒனக்கு?" என்றாள் ஜெஸ்ஸி.

"ஒண்ணுமில்லக்கா."

வாசலைத் தாண்டினாள். டவுன் பஸ்ஸில் நின்றபடியே, மடக்கு மடக்காக மூச்சை இழுத்துக்கொண்டு திண்டுக்கல் வந்து சேர்ந்தாள்.

ஒற்றை அறை வீடு. கதவைச் சாத்தினாள். மேல்சட்டையை உருவிப்போட்டு ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நகம் நுழைய இடமில்லை. இருமிக்கொண்டே மகள் எழுந்து வந்து அதன் ஓரத்தைத் தொட்டாள்.

"எனக்காம்மா?"

ஸ்வெட்டர் தளர்ந்தது. தானாகவே தலைவழி ஏறியது. வழுக்கிக்கொண்டு மகளின் கைக்குப் போனது.

"வேணாம் தாயி. போடாத!"

மணிமேகலை அதற்குள் தலையை நுழைத்துவிட்டாள்.

கழுத்து வழியாகத் தலை வெளியே வரவில்லை. இருமல் நின்றது. ஸ்வெட்டர் தட்டையாகத் தரையில் விழுந்தது.

"அம்மா..." ரொம்ப தூரத்திலிருந்து. "உள்ள போயிக்கிட்டே இருக்கும்மா."

கழுத்துத் துளைக்குள் கையை விட்டாள். முழங்கை. தோள். அடியே இல்லை. சூடு. விரல்கள் வந்து அவள் விரல்களைப் பற்றின. இன்னொரு கை. இன்னொன்று. பத்து, இருபது, அதற்கும் மேல்.

எது மகளுடையது?

எல்லாமே சின்னக் கைகள்.