மைனஸ் ஒன்பது

ரிமோட் பொத்தானை அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும். ஆசீர் அழுத்துவதற்கு முன்பே அது வந்தது.

ஈரத்தில் ஏதோ ஒயர் உரசுகிறது என்று நினைத்துக்கொண்டார். கொள்ளிடக் கரையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் புகைபோல் தெரிந்தது. போன வாரத்து வெள்ளத்தில் உருண்டு, மணல் அள்ளிய பள்ளத்தில் மூழ்கிய ஒரு காரை இழுக்க வந்திருந்தார்கள். காரில் இருந்தவர்கள் அன்றே தப்பிவிட்டார்கள். இழுக்கிற ஜீப், ஆசீரின் தங்கை லிசியின் கணவன் செபஸ்தியானுடையது. ஜீப்பின் முகப்பில் பூட்டியிருந்த வின்ச், மோட்டாரில் சுற்றும் இரும்புக் கயிற்று உருளை, காலையிலிருந்து மக்கர் செய்ததால்தான் புத்தூரில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் மச்சான் ஆசீரை அவன் கூட்டிவந்திருந்தான்.

லிசிக்கு ஏழாம் மாதம். "அவரைத் தண்ணியில இறங்க விடாதேண்ணே" என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஆசீர் டூல் பையைத் திறப்பதற்குள் செபஸ்தியான் கொக்கியோடு இறங்கி, முங்கி முங்கிக் காரைத் தேடத் தொடங்கிவிட்டான்.

சேற்று வாடையோடு கருகிய ஒயர் நாற்றமும் மூக்கில் ஏறியது. ஆசீர் வரிசையாகப் பார்த்தார். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். ரிமோட் சரி. சுவிட்ச் பெட்டி சரி. எர்த் போல்ட்டில் துரு. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கியபோது உருளை தானாகவே சுற்றத் தொடங்கியது. உள்ளே இழுக்கவில்லை. கயிற்றை வெளியே விட்டது.

ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ? மாற்றிப் பார்த்தார். வெளியேதான். ரிமோட்டைப் பிடுங்கினார். நிற்கவில்லை. கடைசியில் பேட்டரியையே கழற்றி மணலில் வைத்தார்.

உருளை சுற்றியது. அவசரமே இல்லாமல்.

மோட்டார் முனைகளில் மீட்டரை வைத்தார்.

மைனஸ் ஒன்பது.

பேட்டரி இல்லாத வண்டியில் ஒன்பது வோல்ட். மோட்டாருக்குள் கரண்ட் போகவில்லை. மோட்டாரிலிருந்து வருகிறது, சைக்கிள் டைனமோ மாதிரி. மறுமுனையில் யாரோ கயிற்றை இழுத்து இழுத்து உருளையைச் சுற்றுகிறார்கள்.

"மாப்ளே!"

தண்ணீர் அசையவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் லிசி கண்ணுக்குள் வந்தாள். பின்னால் நாணல் சரசரத்தது. திரும்பினார். வேறு பக்கமாகக் கரையேறி, செபஸ்தியான் நடுங்கிக்கொண்டு நின்றான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"மாட்டலை மச்சான்" என்றான். குரலே எழும்பவில்லை. "கையை நீட்டினேன். கொக்கியை வாங்கிக்கிட்டாங்க."

ஆசீர் தண்ணீரைப் பார்த்தார்.

கயிறு முழுவதும் போய், கடைசிச் சுற்றில் விறைத்தது. ஜீப் குலுங்கியது. சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல் உருண்டது. அவர் தடுப்பதற்குள் செபஸ்தியான் ஓடிப்போய் சீட்டில் ஏறி, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான்.

"வண்டி போனா போகுது. குதி மாப்ளே!"

"பிரேக் பிடிக்குது மச்சான், நின்னுடும்..."

சக்கரம் சுழலவில்லை. ஜீப் மட்டும் நகர்ந்தது. ஈர மணலில் இரண்டு நேர்கோடுகள். செபஸ்தியான் குனிந்து தன் காலடியைப் பார்த்தான். காலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

ஆசீர் ஓடினார். பின்பக்கக் கம்பி விரல்களில் பட்டு நழுவியது.

குமிழிகள். பிறகு அதுவும் இல்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் அவர் நின்றபோது, அடியில் இரண்டு முகப்பு விளக்குகள் எரிந்தன. பக்கத்தில் இன்னும் இரண்டு. அதற்குப் பின்னால் இரண்டு. இரண்டு. இரண்டு. ஆற்றின் நடுவரைக்கும் வரிசையாக, மஞ்சளாக, எல்லாம் கரையைப் பார்த்தபடி.

முதல் ஜோடி மெல்ல முன்னால் நகர்ந்தது.